பெருக்கி வைத்த மைதானம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கொளஞ்சியும் சுப்புராயனும் மைதானத்தைப் பெருக்க ஆரம்பித்தார்கள். இருவரும் ஒரே பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பவர்கள். ஒரே கபடிக் குழுவில் ஆடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள். மைதானத்தில் கடைக்கட்டடம் கட்டலாமா என்று பார்க்கப் பதினொரு மணிக்கு நகராட்சி அதிகாரி வருகிறாராம். ஜனங்கள் புழங்குகிற இடம் என்று அவர் எழுதிவிட்டால் கடைக்கட்டடம் வராது, மைதானம் தப்பிக்கும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை எப்படி ஒதுங்க வைப்பார்களோ, அப்படி வேலை நடந்தது. சூளையில் வெடித்துப்போன கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். துருப்பிடித்த வாலிபால் கம்பங்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று பிடுங்கிப் பட்டறைக்குப் பின்னால் சாய்த்தார்கள். பொம்மை வார்க்கிற பழைய பிளாஸ்டர் அச்சை இடித்துப் பொடியாக்கித் தூவிய கபடிக் கோடு கோணலாகத் தெரிந்தது. சுப்புராயன் அதையும் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டான்.

கொளஞ்சிக்கு மனசே வரவில்லை. எண்பத்தொன்றில், மாசிமகத்துப் போட்டியில், ஸ்ரீமுஷ்ணத்து ஆட்களை இங்கேதான் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். அவன் மூச்சைப் பிடித்துப் பாடிப்போய் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பியபோது, கூட்டத்தில் தாவணியோடு நின்று கைதட்டியவள்தான் அன்புக்கரசி. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அதுபோல ஒரு சாயங்காலம் அப்புறம் அவனுக்கு வாய்க்கவேயில்லை.

ஜீப் வந்ததும் தெருவே திரண்டு வந்து ஓரமாக நின்றது. அதிகாரி சுற்றும்முற்றும் பார்த்தார்.

"இங்க யாரு வெளையாடுறாங்க?"

"நாங்கதாங்க சார், எங்க புள்ளைங்களும். தெனம் சாயங்காலம் வருவோம்," என்றான் கொளஞ்சி.

"கோடு இல்ல, கம்பம் இல்ல. சும்மால்ல கெடக்குது?"

"நீங்க வரீங்கன்னுதான் சார் சுத்தம் பண்ணோம். இருங்க, இப்பவே நட்டுக் காட்டுறோம்."

"நான் வந்தப்ப எப்படி இருந்திச்சோ, அப்படித்தாங்க எழுத முடியும்," என்றார் அவர். கூட வந்தவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஜீப் போய்விட்டது.

அடுத்த மாதம் நகராட்சி அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். கொளஞ்சி விரல் வைத்து வாசித்தான்: 'பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லாத காலியிடம்.' அன்புக்கரசி கீழே இருந்த படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல நீங்க நிக்கிறீங்க பாருங்க."

நின்றான். சலவைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் சுப்புராயன். அவர்களுக்குப் பின்னால், இடுப்பில் பிள்ளைகளோடு, மொத்தத் தெருவும்.