வலது கையில் செபமாலை

காது மந்தமாகிப்போன கணவனோடு வாழ்வதில் ஒரு வசதி இருக்கிறது என்பதை ஐலீன் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொன்னதில்லை. அவன் முதுகைப் பார்த்து எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

பிரெட்ரிக் வேலை முடிந்து வந்து குளித்ததும், அணைத்து வைத்த தொலைக்காட்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சிவப்பு கிதாரின் வயிற்றைத் திறந்துவிடுவான். அவள் சமையலறை வாசலில் நின்று, துணி மடித்தபடி, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பிப்பாள். முதலில் சின்னச் சின்னக் குறைகள்தான். குப்பை வாளி நிரம்பிவிட்டது, தங்கச்சி போன் பண்ணினாள், நீ கேட்கவே இல்லை. பிறகு வார்த்தைகள் கறுத்தன. தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவளே சில நேரம் திகைத்துப்போவாள். ஆனாலும் பேசி முடித்த பிறகு உடம்பு லேசாக இருக்கும். இரவுச் சாப்பாட்டை அன்பாகவே பரிமாற முடியும்.

அவன் தன்னை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துகிறான் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டால் பாதிக்கு மேல் பதில் இல்லை. அந்த நினைப்பின் மேல் மெல்ல மெல்ல ஒரு வெறுப்பைக் கட்டியெழுப்பி, அதற்குள் குடியும் போய்விட்டாள். பிறகு ஒரு நாள் பின்கட்டில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, அடுப்பில் கெட்டில் விசிலடித்துக்கொண்டிருந்தது. வீடே கிழியும்படி அலறியது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பிரெட்ரிக் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மலேசியாவின் மூவார் நகரத்து மேசை நாற்காலித் தொழிற்சாலையில், மரத்தின் விளிம்பைச் செதுக்கும் எந்திரத்தின் முன்னால் அவன் இளமை முழுக்க நின்றிருக்கிறான். காதில் அடைக்கக் கொடுத்ததை அடைத்தால் பாட்டு முணுமுணுக்க முடியவில்லை என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்பவன். உச்ச சுதி ஓசைகள் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயிருந்தன. அவளுடைய மெல்லிய குரலும் அவற்றோடு போய்விட்டது.

அன்றே அவள் அவனை மன்னித்திருக்க வேண்டும். ஆனால் கட்டிய வீட்டை இடிக்க மனம் வரவில்லை. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவனோ பழியைக் கிதாரின் மேல் போட்டான். கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் அந்தக் காந்தச் சுருளுக்குப் பெயர் பிக்கப். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். "மட்டமான பிக்கப் லா, அதான் சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றான். மாற்றினான். சில நாள் நன்றாக இருப்பதுபோல் இருந்தது. மறுபடியும் கம்பளி. இன்னும் விலை கூடியதை வாங்கினான். கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு ஜோடியை வரவழைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுபவன்போல அத்தனை பதனமாக ஈயம் வைத்துப் பற்றவைத்தான். அதுவும் போதவில்லை. ஒலிபெருக்கியில் ஓசையைக் கூர்மையாக்கும் குமிழைக் கடைசிவரை திருப்பினான்.

சாஆ என்ற ஊரில் ஒரு கல்யாணத்தில் விஷயம் வெளிப்பட்டுவிட்டது. அவன் வாசித்த முதல் பாட்டிலேயே மணப்பெண்ணின் அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முன்வரிசை மேசைகள் காலியாயின. பிரெட்ரிக் கண்ணை மூடிச் சிரித்தபடி வாசித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் குழுவுக்குள் பேச்சு எழுந்தது. சர்ச்சில் பாடும் குழு அது, கல்யாணங்களுக்கும் போகும். நடத்துபவன் லெஸ்லி, பிரெட்ரிக்கைவிட இளையவன், பொறுமைசாலி. "அண்ணே, பிக்கப்ல ஒண்ணும் இல்ல. விலை கூடுனதும் குறைஞ்சதும் கேக்குறவனுக்கு ஒண்ணுதான்" என்றான். பிரெட்ரிக் துள்ளி எழுந்தான். என் கண்ணுக்குத் தெரியாமல் திரைக்குப் பின்னால் நின்று வாசி, எது நல்லது எது மட்டம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன் என்றான். சொல்ல முடியாவிட்டால் கிறிஸ்மஸ் பூசைக்கு வாசிக்கமாட்டேன், அதற்குப் பிறகும் குழுப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். தாடி முளைக்காத காலத்திலிருந்து அவன் உட்கார்ந்துவரும் நாற்காலி அது. அது போனால் அவனிடம் எந்திரம் ஒன்றுதான் மிஞ்சும் என்பது ஐலீனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் காரில் ஏறியதும் அவன் வண்டியைக் கிளப்பாமல் சாவியைப் பிடித்தபடி இருந்தான்.

"செபமாலை கொண்டு வந்திருக்கியா?"

"கைப்பையில இருக்கு."

"லெஸ்லி ஸ்டேஜ் திரைக்குப் பின்னால வாசிப்பான். தேத்தண்ணி மேசைகிட்ட உக்காந்தா ஓரத்துல உனக்கு அவன் கை தெரியும்." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான். "சிவப்பு எடுத்தா செபமாலைய வலது கைல வை. கறுப்புன்னா இடது கை. அவ்வளவுதான்."

அமெரிக்கப் பிக்கப் இருப்பது அவனுடைய சிவப்பு கிதாரில். மட்டமானது, லெஸ்லியிடம் இருக்கும் அதே ரகக் கறுப்பு கிதாரில்.

ஐலீன் அவனையே பார்த்தாள். தன் காது போனது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது. பிக்கப் மேல் பிக்கப்பாக வாங்கியதெல்லாம் தெரியாததால் அல்ல. சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றை அவனும் அவளைப் போலவே விழுங்கி வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் இருந்ததுபோல, அவனுக்கு அவள் வேண்டியிருந்தாள். அவள் தலையாட்டினாள், அவன் பார்த்தானோ இல்லையோ என்று மறுபடியும் ஆட்டினாள்.

சர்ச் மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன. இரண்டு கிதாருக்கும் ஒரே ரகக் கம்பி போட வேண்டுமென்று லெஸ்லி முந்தைய வாரமே சிவப்பையும் வாங்கிப் போயிருந்தான். டிரம்ஸ் வாசிக்கும் வாலண்டைன் திரையின் மறுகோடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் மின்சாதனம் பழுது பார்ப்பவன். பிரெட்ரிக்கின் பள்ளித் தோழன்.

"மச்சான், தப்பா சொன்னா அந்த அமெரிக்காக்காரன எனக்குக் குடுத்துரு. வீட்டுல மிக்ஸிக்கு மாட்டிக்கிறேன்."

"மூடிக்கிட்டு வேலையப் பாருடா."

பிரெட்ரிக் திரைக்கு முன்னால், தேநீர் மேசையைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டான். ஐலீன் மடியில் செபமாலை. திரை சுவரைத் தொடாத இடைவெளியில் லெஸ்லியின் கை தெரிந்தது. அது கறுப்பை எடுத்தது.

செபமாலை இடது கைக்குப் போனது. கிதார் ஒலித்தது. அது நல்லதா மட்டமா என்று ஐலீனுக்குத் தெரியவில்லை. கிதார் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"மட்டம்" என்றான் பிரெட்ரிக். "தண்ணி கலந்த பால் லா இது."

சிவப்பு. வலது கை.

"இதான்! கேக்குதா? ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா நிக்குது பாரு."

மறுபடியும் சிவப்பு. பிறகு கறுப்பு. பிறகு கறுப்பே. அவன் தடுமாறவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கேட்கிறவன் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் கையை மட்டும் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமும் ஒரு கள்ளச் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

கடைசித் தடவை முடிந்ததும் வாலண்டைன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் மூக்கால், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு.

"அலமாக்! மச்சான், எல்லாமே தப்பு. ஒண்ணு விடாம தப்பு!"

"என்னடா சொல்ற?"

வாலண்டைன் பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னான். "லெஸ்லிதான் கேட்டான். நல்லது எதுல இருக்குன்னு தெரிஞ்சா கை தன்னால நல்லா வாசிச்சிடும், வாசிக்கிற தனக்கே தெரியக்கூடாதுன்னான். காசு சுண்டிப் பாத்து நான்தான் பிக்கப்ப மாத்தி வச்சேன். உன் அமெரிக்காக்காரன் கறுப்புல உக்காந்திருக்கான். நீ தண்ணிப் பாலுன்னியே, அதான் அவன்!"

பிரெட்ரிக் சிரிக்கவில்லை. மெதுவாக ஐலீனின் பக்கம் திரும்பினான். வாலண்டைன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் தப்பா சொல்றதுக்கும் நல்ல காது வேணும் லா. குருட்டாம்போக்குல சொன்னாகூட பாதி சரியா வருமே..." சொன்ன பிறகுதான் அவனுக்கே ஏதோ உறைத்தது. நிறுத்திக்கொண்டான்.

லெஸ்லி திரையை விலக்கி வந்தான். அவன் பிரெட்ரிக்கைப் பார்க்கவில்லை. ஐலீனின் மடியைப் பார்த்தான். தனக்கு அவன் கை தெரிந்தால் அவனுக்குத் தன் கை தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு எட்டியது.

"அண்ணி," என்றான் தணிந்த குரலில், "செபமாலை கைக்குக் கை மாறுச்சு. ஒரு மணிகூட நகரலையே."

அவளால் சொல்லியிருக்க முடியும். பிக்கப் மாறியது எனக்குத் தெரியாது, அவர் சொன்னபடிதான் செய்தேன் என்று ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் அவளைக் காப்பாற்றி அவனைத் தெருவில் நிறுத்திவிடும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பிரெட்ரிக் பார்த்தான். பிக்கப் மாறியது அவளுக்கு முன்பே தெரியும் என்று அவன் அர்த்தம் வைத்துக்கொண்டது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"அண்ணே, ஒரு தடவ காத டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்" என்றான் லெஸ்லி, அவன் முகத்துக்கு நேரே வந்து. "கிறிஸ்மஸுக்கு நாங்க சமாளிச்சுக்கிறோம்."

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல" என்று பிரெட்ரிக் சொன்னான், தேவைக்கு மேல் சத்தமாக. சிவப்பு கிதாரை எடுத்துக்கொண்டு நடந்தான். அமெரிக்கப் பிக்கப் கறுப்பிலேயே கிடந்தது. திருப்பிக் கேட்கவில்லை.

ஆற்றோரமாக வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் அவன் கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்காராமல் சாப்பாட்டு மேசையில், அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தான்.

"மாத்தி வச்சது தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியாதுங்க. வாலண்டைன் மாத்துனது எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அவள் கண்களைப் பார்க்கவில்லை. உதடுகளைப் பார்த்தான்.

"மாதா மேல சத்தியமா தெரியாது."

"இருக்கலாம்" என்றான். மேசையின் பிளாஸ்டிக் விரிப்பை நகத்தால் கீறினான். "டிவி அணைச்சிருந்தா அந்தக் கண்ணாடில நீ தெரிவ, ஐலீன். பின்னால நிப்ப. வாய் அசையும். மொதல்ல பாட்டுப் பாடுறேன்னு நெனச்சேன். பொறவு செபம் சொல்றேன்னு நெனச்சேன். ஆனா செபம் சொல்றவ மூஞ்சி அப்படி இருக்காது."

வெளியே மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக், பூனைகளைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரல் கேட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது.

"என்ன சொல்லுவ?"

செபம்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்த ஒரு பொய்யைச் சொன்னால் சற்று முன் சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்து பொய்யாகிவிடும் என்று தோன்றியது. காரில் அவன் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"செத்துத் தொலைன்னு சொல்லுவேன்" என்றாள். அவளுடைய இயல்பான குரலில், மெல்ல.

அவன் முகம் மாறவில்லை. உதடுகளையே பார்த்தபடி புருவத்தைச் சுருக்கினான்.

"என்ன? சரியாப் புரியல. சத்தமாச் சொல்லு."

ஐலீன் எழுந்தாள். மக்சிக் வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். வாசல் பக்கத்து ஜன்னலையும் சாத்திக் கொக்கியைப் போட்டாள். திரும்பி வந்தபோது, அவன் இடது காதை அவள் பக்கம் சாய்த்து, கிதாருக்குச் சுதி சேர்க்கும்போது சாய்ப்பதைப் போலவே, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.