மருமகளின் எடைக்கு வெல்லம்

துலாபாரத்தன்று தராசைச் சுற்றி நின்றவர்கள் பெரியவர், அவர் மனைவி, ஒரே மகன், மருமகள், மருமகளின் அண்ணனான மளிகைக்காரர், அர்ச்சகர். வேடிக்கை பார்த்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள்.

மகனுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்த காலத்தில், வரப்போகிற மருமகளின் எடைக்கு எடை வெல்லம் தருவதாகப் பெரியவர் வேண்டிக்கொண்டார். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் அது கைகூடியது. அதற்குள் வாட்டசாட்டமாக வந்த பெண் துரும்பாய் இளைத்திருந்தாள். ஆண்கள் சாப்பிட்டு, மாமியாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவளுக்கு மிஞ்சுவது சட்டிதான். அது அந்த வீட்டு வழக்கம். பெரியவருக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் கொஞ்ச வெல்லத்துக்கே அவள் தட்டு மேலே எகிறினால் குடும்ப மானம் கப்பலேறிவிடுமே! புறப்படும்போது மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அம்மிக் குழவி துணியில் சுற்றி மருமகளின் சேலைக்குள், இடுப்பில் கட்டப்பட்டது.

சாமிக்குக் குறைத்தால்தானே பாவம்? கூடத்தானே கொடுக்கிறோம் என்று பெரியவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அவள் தட்டில் உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் வெல்லக்கட்டிகள் ஏறின. மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லும் மளிகைக்காரர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன மாமா, ஆளைப் பார்த்தா அரை மூட்டை, தராசுல முழு மூட்டையா நிக்குது?"

"எங்க வீட்டுச் சாப்பாடு அப்படி தம்பி. வெளிய தெரியாது, உள்ள ஒட்டும்."

அர்ச்சகர் சிரித்தார். "போதும்மா, சமமாயிடுச்சு. சாமிய நினைச்சுக்கோ."

அவள் சாமியைப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துக் குழவியை வெளியே எடுத்தாள்.

"பிடிங்க அத்தை."

மாமியார் வாங்கிக்கொண்டதுதான் தாமதம், தட்டு சரேலென்று மேலே ஏறியது.

"அது என் எடை இல்ல சாமி. எவ்வளவு எடுக்கணுமோ எடுங்க."

அர்ச்சகர் கட்டி கட்டியாக எடுத்தார். எடுக்க எடுக்கத் தட்டு இறங்குகிற வழியாயில்லை. மகன் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்கு பாப்பா," என்றார் மளிகைக்காரர்.

"வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கலாம்மா." பெரியவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"வீட்ல பேச முடிஞ்சிருந்தா, நான் ஏன் மாமா இங்க வந்து பேசறேன்?"

அண்ணன்காரர்தான் தங்கையைத் தராசிலிருந்து இழுத்துக்கொண்டு போனார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். யாரும் இழுக்கவில்லை. அவள்தான் முன்னால் போனாள். அண்ணன் அவள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.