சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்ட குற்றம்

"கேஸ் கீற பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று கிறிஸ்டினாவின் அப்பா சவுரிமுத்து சொன்னாலும் சொன்னார், அவளைக் காதலிக்கும் நம்ம ஜெரோமுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெரும்பாக்கத்தில் லோடு வண்டி ஓட்டுகிறவன் அவன். ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் "ஐயோ" என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், கடைக்காரர் ராஜகோபால் கணுக்கால் முறிந்து உட்கார்ந்திருக்கிறார். தான்தான் இடித்துவிட்டோம் என்று இவனும் நம்பிவிட்டான். அப்புறம் கோர்ட்டு, வாய்தா, மறுபடி வாய்தா. குற்றத்தை ஒத்துக்கொண்டு, அடிபட்டவரோடு சமரசம் பேசினால் சீக்கிரம் முடியும் என்று வக்கீல் தீபலட்சுமி சொன்னதுதான் தாமதம், பயல் துள்ளி எழுந்தான். நஷ்டஈடு கொடுத்து, அபராதமும் கட்டி, கேஸைத் தீர்த்துவிட்டு அல்வாவோடு கிறிஸ்டினா வீட்டுக்குப் பறந்தான்.

"அட பேமானி!" என்றார் சவுரிமுத்து. "கேஸாவது பரவால்ல. இப்ப குத்தவாளின்னு தீர்ப்பே வாங்கினு வந்துகீறியே! அத மாத்தினு வா, அப்பறம் கல்யாணப் பேச்சு."

அல்வா மட்டும் உள்ளே போனது.

மறுவாரம் டீக்கடை கேமரா வீடியோ கிடைத்தது. வண்டி நின்ற பிறகுதான் ராஜகோபால் செல்ஃபி எடுத்தபடியே பின்னால் நடந்து, உடைந்து கிடந்த கால்வாய் மூடிக்குள் காலை விட்டிருக்கிறார்! ஜெரோம் நடுரோட்டில் ஒரு குத்தாட்டம் போட்டான். சவுரிமுத்துவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தில் வக்கீல் ஆபீசுக்கு விட்டான்.

"மேடம், அப்பீல் போடுங்க!"

"சமரசம் பேசி ஒத்துக்கிட்ட தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது ஜெரோம். ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டுப் பாக்கலாம். ஆனா யாராவது மிரட்டி ஒத்துக்க வெச்சாங்களான்னு கேப்பாங்க. ஜட்ஜ் உங்களத் தனியா கூப்ட்டு அதத்தான கேட்டாரு? என்ன சொன்னீங்க?"

"யாரும் மிரட்டல, சந்தோசமா ஒத்துக்கறேன்னேன். சிரிச்சேன் மேடம்."

"சிரிச்சீங்களா!"

"ஏன்யா சிரிக்கிறன்னாரு. கல்யாணம் சார்னேன்."

தீபலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சவுரிமுத்துவைப் பார்த்தார். "கேஸ் இருந்தா பொண்ணு இல்லன்னு சொன்னது நீங்கதான? உங்க நெருக்கடியிலதான் ஒத்துக்கிட்டாருன்னு எழுதிப் பாக்கலாம். மனுவுல உங்க பேரு வரும்."

வண்டலூர் ஜூவில் நீர்யானைக்குத் தீனி போடுகிற மனிதர் சவுரிமுத்து. அதன் வாய்க்குப் பயப்படாதவருக்கு இப்போது வேர்த்துக் கொட்டியது. "ஹைகோர்ட்லயா? எம் பேரா?"

"ஆமான்னு சொல்லுங்க ஜெரோம், ரெடி பண்றேன்."

ஒரு தலையாட்டல் போதும். ஜெரோமுக்கு மனசு வரவில்லை.

"வேணாம் மேடம். மாமா மிரட்டல. கிறிஸ்டினாவுக்காக நானாத்தான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போச்சு, தன் வாயாலேயே கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டாயிற்று! சவுரிமுத்து அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு தோளைப் பிடித்து எழுப்பினார்.

"தீர்ப்பு கெடக்குது. கிளம்பு, ஃபாதரப் பாக்கணும்."

கோயிலில் கல்யாணத்தை அறிவிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே விசாரிப்பது வழக்கம். ஃபாதர் ஞானையா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தக் கல்யாணத்துக்கு ஒன்ன யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

ஜெரோமுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கினான், முடியவில்லை.

"ஏம்பா சிரிக்கிற?"

"ஃபாதர், இதுக்கும் அப்பீல் கிடையாதுதான?"

"கிடையாது."

"அப்ப எழுதிக்குங்க ஃபாதர். சந்தோசமா ஒத்துக்கறேன்!"

"நானும்!" என்று கதவுக்கு வெளியிலிருந்து கிறிஸ்டினா கத்தினாள். அவளை இன்னும் யாரும் கேட்கவேயில்லை.