மலையில் வந்த புதுத்தண்ணீர்

பாபநாசத்து விவசாயிக்கு இமயமலையில் என்ன வேலை என்று கேட்டால், இராஜாங்கத்திடம் ஒரே பதில்தான் இருந்தது: பெண்டாட்டி நாகம்மாளின் முழங்கால். மேட்டூர் திறக்காமல் இரண்டு வருஷமாக வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயலில் வேலை ஓய்ந்தும் அவள் வலி ஓயவில்லை. டெல்லியில் செல்போன் கம்பெனியில் இருந்த மகன் ராஜ்குமார், "மலைக்குள்ள ஒரு ஊர்ல பூமிக்குள்ளேர்ந்தே வெந்நீர் வருதும்மா. முங்கினா வலி போயிடுமாம்" என்று இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஊர் என்றால் பெரிய ஊரா? நாலைந்து கல்வீடு, மேட்டில் ஒரு விடுதி, கீழே பாறைகளுக்கு நடுவே இரைந்தோடும் ஆறு, அதன் ஓரத்தில் வெந்நீர்க் குளம். கந்தக நெடி மூக்கைத் துளைத்தது. ஆனால் நாகம்மாளுக்கோ அதுதான் சொர்க்கம். வந்த அன்றே துணியில் அரிசியை முடிந்து கொதிக்கிற ஊற்றில் இறக்கினாள். "விறகு இல்ல, கேஸ் இல்ல, சோறு வெந்துடுச்சு பாருங்க!" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! இராஜாங்கத்துக்கு மனசு குளிர்ந்துபோனது.

மறுநாள் விடிந்தபோது என்னவோ குறைந்தது போலிருந்தது. ஆற்றின் இரைச்சலைக் காணோம். இரவெல்லாம் மலைமேல் மழை கொட்டித் தீர்த்திருந்தும், ஆறு வற்றிக் கூழாங்கற்கள் பல்லிளித்தன. விடுதி நாய் மேட்டிலேயே நின்று ஊளையிட்டது. ஆட்டுக்காரர்கள் மந்தையை அடித்து விரட்டி மேலே கொண்டு போனார்கள். வண்டி பேசப் போன ராஜ்குமார் இன்னும் திரும்பவில்லை. அவன் இல்லாமல் யாரிடம் என்ன பாஷையில் கேட்பது?

"என்னங்க, ஆத்தையே காணோம்?" என்றாள் குளத்துக்கு இறங்கிய நாகம்மாள்.

"மேல எவனாவது ஷட்டரை அடைச்சிருப்பான். முறைத்தண்ணி விடுறானுங்க. நாம பாக்காததா?"

தண்ணீர் விஷயத்தில் இராஜாங்கத்துக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை மட்டும் மனுஷன் மறந்துபோனார்.

நாகம்மாள் குளித்துக் கரையேறும்போது ஆற்றின் வளைவில் அது தலைகாட்டியது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செந்தண்ணீர். டெல்டாக்காரன் கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்? காய்ந்த வாய்க்காலில் அப்படித் தண்ணீர் வந்தால் வெள்ளாமை வருகிறது என்று அர்த்தம். ஊரே இறங்கி நின்று கும்பிடும். இரண்டு வருஷமாக அதைப் பார்க்கத்தானே ஏங்கிக் கிடந்தார்கள்!

"நாகு! புதுத்தண்ணி வருதுடி! இறங்கி நில்லு!"

முழங்கால் வலிக்காரியா அவள்? கிடுகிடுவென்று நடு ஆற்றுக்குப் போய், ஈரத்தலையோடு கைகூப்பி நின்றாள். "தாயே, வந்தியா! என்னங்க, பையில சூடம் இருக்கு, எடுத்துட்டு வாங்க!"

இராஜாங்கம் படியேறி ஓடினார். மேலே விடுதிக்காரன் இரண்டு கைகளையும் ஆட்டி இந்தியில் என்னவோ கத்தினான். நம் ஊரிலும் புதுத்தண்ணீர் வந்தால் கரையில் நின்று இப்படித்தானே கூச்சல் போடுவார்கள்? பாவி மனுஷன், இவரும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கை ஆட்டினார்.

சூடத்தை எடுத்துத் திரும்பும்போது விடுதியே அதிர்ந்தது. கீழே, பனை உயரத்துக்குச் சேறும் பாறையும் மரமுமாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. குளம் இல்லை. நாகம்மாள் இல்லை.

"மேல மலை சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்குப்பா. அது உடைச்சுக்கிச்சு" என்று ராஜ்குமார் பிறகு அழுதான். "அம்மா ஏம்ப்பா ஆத்துல இறங்குச்சு?" என்று கேட்டான். இராஜாங்கம் கையிலிருந்த சூடத்தை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மேட்டூர் திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதென்று பெண்கள் மஞ்சளும் பூவுமாக இறங்கி நின்றார்கள். வீட்டைவிட்டு வெளியே வராதிருந்த இராஜாங்கம் கரைக்கு ஓடிவந்தார்.

"ஏறுங்க! அய்யோ, மேல ஏறித் தொலைங்களேன்!" அந்த விடுதிக்காரனைப் போலவே இரண்டு கைகளையும் ஆட்டி அலறினார்.

பக்கத்து வயல்காரர் ரெத்தினம் வந்து அவர் கையைப் பிடித்தார். "கணுக்கால் தண்ணிதாண்ணே. பயப்படாதீங்க."

"நான்தாம்ப்பா அவளை இறங்கி நிக்கச் சொன்னேன்" என்றார் இராஜாங்கம்.