நான்காவது முட்டை

ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை செலினா ஒரு கூடை முட்டையோடு வந்தாள். ஜெர்மன்காரர்கள் வந்த பிறகு போலந்தின் கிராகோவில் முட்டையைக் கண்ணால் பார்ப்பதே அரிது.

"எங்க மாமா பண்ணையிலேர்ந்து வந்துச்சு," என்று எஜமானியிடம் சொன்னாள். "யாட்ஜியாவையே கேக் போடச் சொல்லுங்க. அவ கைப்பக்குவம் எனக்குத் தெரியும்."

யாட்ஜியா நான்தான். அது செலினாவுடைய சித்தியின் செத்துப்போன மகள் பெயர். அந்தப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழை எனக்குக் கொடுத்து, ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்து, இந்த வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டவள் செலினா. என் பெயர் பெர்லா. சொந்த ஊரான டார்னோவில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே மாடியில் இருந்தன. என் அம்மாவின் சமையலறையில் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள்.

"இருபது முட்டை கேக்!" என்றார் எஜமானி. "என் நாத்தனார் வயிறெரிஞ்சே செத்துருவா."

இருவரும் மேசையருகே உட்கார்ந்து பேசினார்கள். நான் முட்டைகளை உடைத்தேன். ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் விட்டேன். வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு பாத்திரத்தில் ஊற்றினேன். நான்காவதில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அதைக் கழுநீர் வாளியில் கொட்டினேன்.

அந்த வீட்டில் ஒரு வருடமாகப் பன்றிக்கறி தின்றிருக்கிறேன். முகம் சுளித்ததில்லை. கையை மட்டும் நான் பழக்கவில்லை.

"அடிப்பாவி! முட்டையையா கொட்டுறே?"

"கெட்டுப்போச்சுங்கம்மா."

"நாத்தமே வரலையே?"

செலினா சிரித்தாள். "ஒரு சொட்டு ரத்தத்துக்கா? எங்க ஊர்ல யூதப் பொம்பளைங்கதான் இப்படிப் பண்ணுவாங்க. ரத்தம் இருந்தா தொடமாட்டாங்க. நீ எங்கடி கத்துக்கிட்ட?"

எஜமானியின் பார்வை டம்ளரிலிருந்து என் முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"நீ கேக்கை முடி," என்றார். "மேல் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

மேல் வீட்டுக்காரர் போலீஸ்காரர். எஜமானியின் செருப்புச் சத்தம் படியேறியது.

"ஏண்டி?" என்றேன்.

செலினா கூடைத் துணியை மடித்தாள். "உங்க வீட்ல இப்ப நாங்கதான் இருக்கோம், பெர்லா. அண்ணன், அண்ணி, குழந்தைங்க எல்லாரும். நீ திரும்பி வந்தா நாங்க எங்க போறது?"

"நேரா போய்ச் சொல்லியிருக்கலாமே."

"சான்றிதழ் யார் குடுத்ததுன்னு கேப்பாங்க. இப்ப அந்தம்மாவே கண்டுபிடிச்சாங்க. சான்றிதழை நீ திருடிட்டேன்னு சொல்லிக்குவேன்."

நான் படிப் பக்கம் காது கொடுத்தேன்.

"பின்கதவு திறந்துதான் இருக்கு," என்றாள். "ஓடிடு. நான் தடுக்கமாட்டேன். அவ்வளவு கெட்டவளா நான்?"

நன்றிக்காகக் காத்திருப்பவள் போல என்னைப் பார்த்தாள்.

கையைக்கூடத் துடைக்காமல் இறங்கினேன். மேல்மாடியில் கதவு திறந்தது. ஓர் ஆண் குரல் கேட்டது. தெருமுனைவரை ஓடாமல் நடந்தேன்.

இடதுபக்கத் தெருவில் அப்பாவோடு வியாபாரம் செய்த ஒருவரின் குடும்பம் இருந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். வலதுபக்கம் எனக்கு ஒருவரையும் தெரியாது.

வலதுபக்கம் திரும்பினேன்.