பாலைவனத்தில் உறைந்த மருந்து

மருந்து வெயிலில் கெட்டுவிடும் என்று கொரின் நூறு தடவை சொல்லியிருந்தாள். குளிரிலும் கெடும் என்று சொன்னாளா என்பது ராய்ஸுக்கு நினைவில்லை. முன்னாள் மனைவி பேசும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவது அவன் வழக்கம்.

மகள் ஹாலிக்குப் பத்து வயது. ஆறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது, இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு வேளை ஓடாது. ஜோஷுவா ட்ரீ, மொஹாவி, டெத் வேலி என்று பாலைவனப் பூங்காக்களில் கூடாரம் போட்டபடி ஒரு வாரம் சுற்றுவதாகத் திட்டம். அப்பாவும் மகளும் தனியாகப் போகும் முதல் பயணம். இது ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது என்று கொரின் கறாராகச் சொல்லித்தான் அனுப்பினாள்.

அதனால் ராய்ஸ் ரொம்பவே ஒழுங்காக இருக்கப் பார்த்தான். சாதாரண ஐஸ் அந்த வெயிலில் அரை நாள் தாங்காது. பழகியவர்கள் ஐஸைவிடப் பல மடங்கு குளிரான உலர்பனி வாங்கிக் குளிர்பெட்டிக்குள் அடியில் வைப்பார்கள், இறைச்சி நாள்கணக்கில் கல்லு மாதிரி இருக்கும். ஹாலி கடைக்குள் தொப்பி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவனும் வாங்கி வைத்தான். அதன் மேலேயே பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசிகளையும் அடுக்கினான். இரவு ஊசி போட்டுக்கொண்டு அவள் தூங்கியதும், அவள் பையில் இருந்த பேனாவையும் அதில் சேர்த்தான்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் மருந்தும் கல்லாகத்தான் இருந்தது. அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் என்ன செய்தான் தெரியுமா? மகள் பல் தேய்க்கும் நேரம் பார்த்து ஒரு பேனாவை உள்ளங்கையில் வைத்து உருட்டி, வெயிலில் காட்டி, இளகியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி அவளிடம் நீட்டினான். இறைச்சி இளகினால் சரியாகிவிடுகிறதே, இதுவும் ஆகாதா என்று ஒரு கணக்கு. சொன்னால் அம்மா காதுக்குப் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய கணக்கு.

மதியம் ஹாலி வாந்தி எடுத்தாள். புட்டி புட்டியாகத் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தால் மீட்டர் எண்ணே காட்டவில்லை. தன்னால் அளக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது என்று 'ஹை' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி நின்றது.

"ரெண்டு தடவ போட்டுட்டேம்ப்பா. இறங்கவே மாட்டேங்குது."

"வெயில்டா கண்ணு. கொஞ்சம் படு."

"வெயிலுக்கு இப்படி ஏறாதுப்பா. மருந்துலதான் என்னமோ."

ராய்ஸ் கூடாரம், அடுப்பு, நாற்காலி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளை வண்டியில் ஏற்றினான். அந்தப் பள்ளத்தாக்கில் வேறு ஆள் கிடையாது, கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூடக் கிடையாது. தார்ச்சாலையைப் பிடிக்க எலும்பைக் கழற்றும் சரளைப் பாதையில் வெகுதூரம் போக வேண்டும். மெதுவாகப் போனால் பொழுது போய்விடும், வேகமாகப் போனால் டயர் போய்விடும். வேகமாகத்தான் போனான். டயர் போனது.

கொதிக்கும் சரளையில் மண்டியிட்டு மாற்று டயரைப் போட்டான். உள்ளங்கை கொப்பளித்தது. இனி ஒரு டயர் போனால் கதை முடிந்தது என்பதால் உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. ஹாலி கண்ணாடியில் தலையைச் சாய்த்து இரைக்க இரைக்க மூச்சு விட்டாள். அந்த மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வந்தது.

"ஹாலி, தூங்காத. ஏதாவது பேசு."

அவள் தலை கண்ணாடியில் தட்டிக்கொண்டே வந்தது. காலையில் சொல்லியிருக்க வேண்டியது இப்போது தானாக வெளியே வந்தது.

"மருந்து உறைஞ்சு போச்சுடா. நான்தான் ஐஸ் மேல வெச்சேன். காலைல பாத்தேன். பாத்தும் உன்கிட்ட குடுத்தேன்."

அவள் கண் திறக்கவில்லை. காதில் விழவில்லை என்றே நினைத்தான். மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் அழுதுகொண்டே ஓட்டினான்.

தார்ச்சாலை முனையில், உள்ளேயே குடித்தனம் நடத்தும் ஒரு வீட்டு வண்டி நின்றது. அதன் பந்தல் நிழலில் கிழவரும் கிழவியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"மேடம், இன்சுலின் இருக்கா? புள்ள சாகக் கெடக்குறா மேடம்!"

வெர்னா என்ற அந்தக் கிழவி சீட்டைக் கீழே போட்டாள். "இந்த மனுஷன் தெனம் நாலு தடவ குத்திக்கிறாரு. உள்ள கொண்டாப்பா."

அவள் கணவர் க்ளைட் அதற்குள் குளிர்பெட்டியைத் திறந்துவிட்டார். "வேகமா வேல செய்யிற மருந்து இது. இவளுக்கு எத்தன யூனிட்டு?"

ராய்ஸ் மகளைப் பார்த்தான். இந்த நான்கு வருடத்தில் முதலில் கொரின் போட்டாள், பிறகு ஹாலியே போட்டுக்கொண்டாள். 'எம்பொண்ணு தானே குத்திக்குவா' என்று ஊரெல்லாம் பெருமையடித்தவனுக்கு அளவு தெரியாது.

"உம்பொண்ணுதானே?" என்றார் க்ளைட். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

"ஆமா சார்."

"எனக்குப் போடறது யானைக்குப் போடற அளவு. கூடிப்போச்சுன்னா அதுவே அவளக் கொன்னுடும். நான் கை வைக்க மாட்டேன். அவ அம்மாவக் கேளு."

வண்டிக் கூரையில் செயற்கைக்கோள் தட்டு இருந்ததால் அங்கே போன் எடுத்தது. வெர்னா அவசர உதவிக்குப் பேசிவிட்டுப் போனை அவன் கையில் திணித்தாள். "ஹெலிகாப்டர் கெளம்புதாம். வர நேரமாகும். மொதல்ல நீ அவ அம்மாவுக்குப் போன் போடு."

கொரின் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ மீட்டர் என்ன காட்டுகிறது, மூச்சு எப்படி, கூப்பிட்டால் முழிக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இன்னொரு போனில் டாக்டரைப் பிடித்து, அளவைச் சொல்லி, அவனையும் திரும்பச் சொல்ல வைத்தாள். க்ளைட் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, ராய்ஸ் ஊசியை இறக்கினான்.

பிறகு காத்திருந்தார்கள். ஹாலி முழித்தபோதெல்லாம் வெர்னா கரண்டியால் தண்ணீர் புகட்டினாள். மறுபடி விரலைக் குத்திப் பார்த்தார்கள், 'ஹை'. இன்னொரு தடவை, 'ஹை'. மகள் செத்துவிட்டால் தானும் இங்கேயே கிடந்துவிடுவது என்று ராய்ஸ் முடிவு செய்துவிட்டான். அதற்கடுத்த தடவைதான் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டியது.

"எண்ணு வந்துடுச்சுடோய்! இவ்ளோ கேடுகெட்ட எண்ணப் பாத்து ஜென்மத்துல நான் சந்தோஷப்பட்டதில்ல," என்றார் க்ளைட்.

ஹாலி கண்ணைப் பாதி திறந்தாள். கொரின் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். "அவகிட்ட குடு," என்றாள்.

"என்னடி ஆச்சு, தங்கம்?"

ஹாலி அப்பாவைப் பார்த்தாள். பிறகு விட்டு விட்டுப் பேசினாள். "நான்தாம்மா... ஐஸ் மேல வெச்சுட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த வருஷமும் அப்பாகூட விடுவல்ல?"

ராய்ஸுக்கு நெஞ்சு லேசானது. ஒரே ஒரு கணம்தான். ஆனால் லேசாகத்தான் ஆனது, அதை அவனால் மறுக்க முடியாது. தன்மேலேயே அருவருப்பு வர, போனை வாங்கினான்.

"அவ பொய் சொல்றா கொரின். வெச்சது நான். உறைஞ்சு போனது தெரிஞ்சே குடுத்தேன்."

"தெரியும். மருந்து மேல ஐஸ் படக் கூடாதுன்னு ஆறு வயசுலயே அவளுக்குத் தெரியும்," என்றாள் கொரின். முதன்முறையாக அவள் குரல் உடைந்தது. "உனக்காகப் பொய் சொல்ல அவ எப்ப கத்துக்கிட்டா, ராய்ஸ்?"

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஹாலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா திட்டுறாளாப்பா?"

"இல்லடா."

"அப்ப அடுத்த வருஷமும் விடுவா," என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.