நிறுத்தச் சொன்னவர்கள்

காலையில் எழுந்ததும் பால் புட்டியைக் கொதிநீரில் போடுகிறேன். அதற்குள் பல் துலக்கிவிடலாம். பால்மாவைக் கரண்டியால் அளந்து, தலைதட்டி, ஆறிய வெந்நீரில் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். மகள் குடிக்கிறாள். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விடுகிறாள். துணி மாற்றுகிறேன். இன்று தடுப்பூசி. அத்தையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார், என் மனைவியின் அம்மா.

நர்ஸ் எடை பார்த்துக்கொண்டே, அம்மா வரவில்லையா என்று கேட்டாள். அத்தை சொன்னார். வலிப்பு வந்து போய்விட்டாள், அதன் பிறகு வயிற்றைக் கிழித்துத்தான் இவளை எடுத்தார்கள், பிள்ளைக்காக மாத்திரையையே தொடாமல் இருந்த மகராசி.

"அதான் புள்ள தங்கமாட்டம் இருக்கு," என்றாள் நர்ஸ்.

குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வலிப்பை அவள் என்னிடம் மறைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே சொன்னாள்: "நான் விழுந்தா பயந்து ஓடிடாதீங்க. கொஞ்ச நேரத்துல எழுந்து சண்டைக்கு வந்துடுவேன்." மாத்திரை போட்டவரை ஒருமுறைகூட விழவில்லை. சண்டைக்கு மட்டும் வந்தாள்.

கர்ப்பம் என்றதும் மாத்திரையைத் தொடரலாமா என்று பிரசவ டாக்டரிடம் கேட்டோம். அது தன் துறை இல்லை, நரம்பு டாக்டரைக் கேளுங்கள் என்றார். நரம்பு டாக்டர், பிரசவம் பார்ப்பவரையே கேளுங்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பித் தந்தார். பிள்ளை ஊனமாகப் பிறக்கவா என்று சொல்லி, அத்தை மிச்சமிருந்த அட்டைகளைக் குப்பையில் போட்டார். இத்தனை பேரில் ஒருவருக்கும் அவளும் ஓர் உயிர் என்று தோன்றவில்லை.

பிரசவ டாக்டரின் அறை அதே மாடியில்தான். உள்ளே போனேன். அவருக்கு என்னை நினைவிருந்தது.

"நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே," என்றார். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. அளவையோ மருந்தையோ மாத்திக் குடுத்திருக்கலாம்."

"அதக் கேக்கத்தான் டாக்டர் வந்தோம்."

அவர் மணியை அழுத்தி அடுத்தவரை வரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் அத்தை ஒரு கர்ப்பிணியிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, என் பிள்ளை நல்லா இருக்கணும் என்பதுதான் மகளின் கடைசி வார்த்தையாம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. தியாகி என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அன்று காலை குளியலறையில் விழுவதற்குச் சற்று முன், துண்டைத் தோளில் போட்டபடி என் அருகே வந்தாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"கை வெட்டி வெட்டி இழுக்குதுங்க. ஒரு மாத்திரை ஒளிச்சு வச்சிருக்கேன். போட்டுக்கட்டுமா?"